ஜவ்வரிசி ஆலையில் ஒரு காதல்: முதலாளி அப்பாவை வைத்து நிதானமான நாவல் எழுத முழுமையான வழிகாட்டி

முதலாளிக்கு மனைவி இல்லை, ஒரு குழந்தை இருக்கிறது. அவரிடம் வேலைக்குச் சேரும் பெண்ணோடு காதல். இணையத்தில் தொடர் படிக்கிறவர்களுக்கு இந்தக் கதை அத்துப்படி. முதல் எபியில் (எபிசோடில்) ஹீரோ ஃபைலைத் தூக்கி எறிவார். மூன்றாவதில் குழந்தை ஹீரோயினை ‘அம்மா’ என்று கூப்பிடும். ஐந்தாவதில் கட்டாயத் தாலி. மிச்சமிருக்கிற நாற்பது எபியும் ஈகோ சண்டை. கடைசியில் ஒரு முத்தம் தள்ளிப்போனதற்காக அதை ஸ்லோ பர்ன் (மெல்லக் கனியும் காதல்) என்று சொல்லிக்கொள்கிறோம்.

எனக்கு இந்த வகைக் கதை பிடிக்கும், அதனால்தான் இந்தக் கோபம். இதில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். மாதாமாதம் சம்பளம் கொடுக்கிறவன் வந்து காதலைச் சொன்னால், வாங்குகிறவளுக்கு ‘வேண்டாம்’ என்று சொல்ல இடம் இருக்கிறதா? அந்த இடத்தை நாவல் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உண்டாக்கிக் கொடுங்கள். கதை நிதானமாக நகர அதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை. கீழே உள்ள படிகளுக்கு உதாரணமாகச் சேலத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் படி: என்ன தொழில் என்று முடிவு செய்யுங்கள்

கண்ணாடி அறையும் ‘குரூப் ஆஃப் கம்பெனீஸ்’ பலகையும் வேண்டாம். அந்த கம்பெனி என்ன செய்கிறது என்று எழுதுகிறவருக்கே தெரிவதில்லை. சேலத்தில் தொழிலுக்கா பஞ்சம்? செவ்வாய்ப்பேட்டை பக்கம் வெள்ளிக் கொலுசு, அம்மாப்பேட்டையில் தறி, ஏற்காட்டில் காப்பி எஸ்டேட், ஆத்தூர் ரோட்டில் ஜவ்வரிசி ஆலை. கொலுசு வேலை வீடு வீடாகப் பிரிந்து நடக்கும். இரண்டு பேர் தினமும் ஒரே கூரைக்குக் கீழே நிற்க வாய்ப்பு குறைவு. எஸ்டேட்டில் வேறு சிக்கல். பனியும் மலையும் எழுத்தாளரைச் சோம்பேறியாக்கிவிடும், வாசகருக்கு மனிதர்கள் நினைவில் நிற்க மாட்டார்கள்.

என் ஓட்டு ஜவ்வரிசி ஆலைக்கு. குச்சிக்கிழங்கு லாரியில் வரும், எடை மேடையில் ஏறும். மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்துத்தான் விலை. பாயிண்டைக் குறைத்துப் போட்டுவிட்டார்கள் என்பார் விவசாயி. பாதி மண்ணாக வந்திருக்கிறது என்பார் ஆலைக்காரர். தோல் நீக்கி, கழுவி, அரைத்து, பாலை வடிகட்டித் தொட்டியில் படிய விடுவார்கள். படிந்த ஈர மாவைக் குருணையாக உருட்டி, சலித்து, சூடான தட்டில் வறுத்து, களத்தில் வெயிலுக்குப் பரப்புவார்கள். பால் எடுத்த சக்கைக்குத் திப்பி என்று பெயர், அது மாட்டுத் தீவனத்துக்குப் போகும். காய்ந்த சரக்கு 90 கிலோ மூட்டையாகும். பல ஆலைகள் 1981-ல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தின் டெண்டர் வழியாக விற்கின்றன. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

இவ்வளவையும் நாவலில் கொட்டாதீர்கள். ஆனால் இதில் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு பேர் சேர்ந்து நிற்க ஒரு காரணம் இருக்கிறது. எடை மேடையில் தகராறு வந்தால் கணக்குப் பார்க்கிற பெண் சீட்டோடு வெளியே வந்தாக வேண்டும். களத்தில் சரக்கு காயும்போது வானம் இருண்டால் முதலாளி, கணக்கர், லாரி டிரைவர் அத்தனை பேரும் ஓடியாக வேண்டும். மக்காச்சோள மாவு கலப்படம், வெண்மைக்காக ரசாயனம் என்று இந்தத் தொழிலில் அடிக்கடி எழும் புகார்களும் உங்களுக்குக் கைகொடுக்கும். கொள்முதல் பில்லில் ஏதோ இடிக்கிறது என்று அவள் கண்டுபிடித்து, அதை முதலாளியிடம் சொல்லலாமா என்று இரண்டு எபி யோசிக்கட்டும்.

இன்னொரு லாபம் பருவம். கிழங்கு வரத்து இருக்கும்வரைதான் அரவை. கோடையில் பல ஆலைகள் அரவையை நிறுத்திவிடும். ஆயுத பூஜையில் கதையைத் தொடங்கினால், அரவை சூடுபிடிக்கும் மாதங்களில் தினமும் பார்த்துக்கொள்வார்கள், கோடையில் பிரிவு தானாக வரும், ஆடியில் முடித்துவிடலாம். வில்லி மாமியார் தேவைப்படாது.

இரண்டாம் படி: முதலாளிக்கு ஒரு கடந்தகாலம்

முதலில் பெயர். அயோத்தியாபட்டணம் பக்கம் 1980-களின் கடைசியில் பிறந்த ஒருவனுக்கு ‘வர்மன்’ என்று முடியும் பெயர் எங்கிருந்து வந்தது? செந்தில், சரவணன், முருகேசன் என்று வையுங்கள். நான் சரவணன் என்று வைத்துக்கொள்கிறேன். அப்பாவிடமிருந்து ஆலையோடு சேர்த்து வங்கிக் கடனும் வந்தது. கோபக்காரனாக இருக்கலாம், ஆனால் வேலையாட்கள் முன்னால் கத்துகிறவன் நாற்பது எபிக்குத் தாங்க மாட்டான்.

குழந்தை ஏன் இவனிடம் இருக்கிறது என்பதற்குக் காரணம் திடமாக இருக்கட்டும். விவாகரத்து என்றால், 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டப்படி ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயின் பொறுப்பில்தான் இருக்கும். மூன்று வயதுக் குழந்தையை அப்பா கையில் கொடுத்தால், ஏன் என்று விளக்கியாக வேண்டும். ‘அவ நல்லவ இல்ல’ என்று ஒரு வரியில் தாயைக் குழிதோண்டிப் புதைத்துவிட்டுப் போவது மட்டமான வேலை. தத்து என்று எழுத நினைத்தால், 2015 சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் தனியாக இருக்கும் ஆண் பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது. அந்த வழியில் போனால் மகன்தான்.

மனைவி இறந்துவிட்டாள் என்று வைத்தால், மாலை போட்ட படமாக மாட்டிவிட்டு மறந்துவிடாதீர்கள். அவளுக்கும் ஒரு வேலை இருந்திருக்க வேண்டும். ஆலையின் பழைய பேரேடுகளை எழுதியவள் அவள்தான் என்று வையுங்கள். புதிதாக வந்த கணக்கர் கோமதி பழைய பாக்கி ஒன்றைத் தேடிப் பேரேட்டைப் புரட்டுகிறாள். பச்சை மை, சாய்ந்த எழுத்து, 7-க்கு நடுவில் ஒரு சின்னக் கோடு. யார் எழுத்து என்று அவள் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. பத்து எபி கழித்து, அலுவலக மேசையில் வீட்டுப்பாடம் எழுதும் குழந்தையும் 7-க்குக் கோடு போடுகிறாள். அதைப் பார்த்துவிட்டு கோமதி, டேலி கணக்கு மென்பொருளில் நுழைத்த எண்ணை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்க்கிறாள். அந்த இடத்தில் ஒரு வரிகூட விளக்கம் எழுதாதீர்கள்.

மூன்றாம் படி: குழந்தையைத் தூதுவிடாதீர்கள்

இந்த வகை நாவல் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். குழந்தை பெரியவர் மாதிரிப் பேசும், அப்பாவையும் ஆன்ட்டியையும் சேர்த்துவைக்கத் திட்டம் போடும், நடுவில் மழலை. ஏழு வயதுக் குழந்தைக்குச் சொந்தமாக ஆயிரம் கவலை இருக்கும். முன்பல் ஆடுகிறது. பள்ளி வேனில் பக்கத்து சீட் பையன் பிடுங்குகிறான். அரவைக் காலத்தில் அப்பா ராத்திரி பத்து மணிக்குத்தான் வருகிறார்.

குழந்தைக்குப் புதியவள் மேல் கொஞ்சம் பொறாமைகூட இருக்கலாம். பள்ளி விட்டு வேன் ஆலை வாசலில் இறக்கிவிடும். கோமதி வரும்வரை கணக்கர் நாற்காலியில் உட்கார்ந்து சுற்றுவது குழந்தையின் உரிமை. இப்போது அதில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் வாரம் ரப்பர் ஸ்டாம்பை ஒளித்து வைக்கட்டும்.

ஒரு காட்சியை மட்டும் நாவல் முழுக்க வளர்க்கலாம். காலை எட்டேகாலுக்கு, அலுவலகத்தில் வைத்து அப்பா மகளுக்குத் தலை பின்னுகிறார். இடது பின்னல் காதுக்கு மேலே, வலது பின்னல் காதுக்குக் கீழே. ரிப்பன் கிடைக்காமல் ரூபாய்க் கட்டுக்குப் போடும் ரப்பர் பேண்டைப் போடுகிறார், குழந்தை ‘ஆ’ என்கிறாள். கணக்கர் பார்க்கிறாள். பார்த்துக்கொண்டு டேலியைத் திறக்கிறாள். சீப்பை வாங்க அவள் கை நீட்டவே கூடாது. வேலைக்கு வந்த பெண் முதல் வாரமே அம்மா வேலையைச் செய்துவிட்டால் உங்கள் கதை அங்கேயே முடிந்தது. பல எபி கழித்து, ஒருநாள் குழந்தை தானாகச் சீப்பைக் கொண்டுவந்து கோமதி மேசையில் வைப்பாள். அப்போதுகூட கோமதி முதலில் அப்பாவை நிமிர்ந்து பார்க்கட்டும். அவர் தலையாட்டிய பிறகே சீப்பை எடுக்கட்டும்.

‘அம்மா’ என்ற கூப்பாடு நாவலில் வேண்டியதே இல்லை. ‘ஆன்ட்டி’ எப்போது ‘கோமதி ஆன்ட்டி’ ஆகிறது என்பதே போதுமான நகர்வு.

நான்காம் படி: அவளுக்கு வேறு வேலை கிடைக்க வேண்டும்

ஆதரவற்ற பெண், சாந்த சொரூபி, பட்டினி கிடந்தாலும் சிரிப்பவள்: தயவுசெய்து வேண்டாம். கோமதி அம்மாப்பேட்டைக்காரி, வயது 29, அப்பா தறிக்காரர். பி.காம். முடித்து சி.எம்.ஏ. (செலவுக் கணக்கியல்) இன்டரில் ஒரு குரூப் பாக்கி வைத்திருக்கிறாள். பெண் பார்க்க வந்தவர்கள் வேலையை விடச் சொன்னதால் இரண்டு வரன் தட்டிப்போனது. அவளுக்கு இந்தச் சம்பளம் வேண்டும். அதே சமயம் இந்த ஆலையை விட்டால் இன்னொரு இடத்தில் நிற்கும் தகுதியும் இருக்கிறது. இரண்டாவது இல்லாமல் முதலாவது மட்டும் இருந்தால், அவள் சொல்லும் ‘சரி’க்கு வாசகர் மதிப்புக் கொடுக்க மாட்டார்.

ஐந்தாம் படி: தடை எது என்று எழுதி வையுங்கள்

சரவணன் ஏன் சொல்லவில்லை? கூச்சம், பழைய காயம், தவறான புரிதல் எல்லாம் பத்து எபியில் தீர்ந்துவிடும். சம்பளமும் சட்டமும் தீராது.

பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் 2013-ல் வந்தது. அதற்கு அடித்தளம் 1997-ன் விசாகா தீர்ப்பு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகக் குழு அமைத்தாக வேண்டும்; குழுவின் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். புகார் முதலாளி மேலேயே என்றால் அது மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். சட்டம் காதலைத் தடுக்கவில்லை. அவள் விரும்பாத நடத்தையைத் தடுக்கிறது. சலுகை காட்டுவதாக மறைமுகமாகச் சொல்வதும், வேலை போகும் என்று மிரட்டுவதும் அதில் அடங்கும்.

இதைப் பாடமாக நடத்தாமல் கதைக்குள் கொண்டுவர வழி இருக்கிறது. ஆலையில் குழு இல்லை என்று ஆய்வுக்கு வந்தவர் குறிப்பு எழுதிவிட்டுப் போகிறார். குழு அமைக்கும் தாள்களை டைப் செய்யும் வேலை கோமதிக்கே வருகிறது. ‘முதலாளி மேல் புகார் என்றால்’ என்ற பத்தியை அவள் டைப் செய்து நீட்ட, அவன் படித்துப் பார்த்து, நோட்டீஸ் போர்டில் எல்லார் கண்ணிலும் படும் உயரத்தில் ஒட்டச் சொல்கிறான். அவன் மேல் அவளுக்கு மரியாதை வருவது அந்தக் காட்சியில் இருக்கலாம். பைக்கில் வந்த ரவுடியை அடித்துப் போட்டு வருகிற மரியாதையைவிட இது நீடிக்கும்.

அவன் செய்யக்கூடாதவற்றைத் தனித்தாளில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள். தனியாக அவளுக்கு மட்டும் போனஸ் கிடையாது. அவள் அப்பாவின் கடனை ரகசியமாக அடைப்பது கிடையாது (தமிழ் நாவலில் இது பெரிய காதல் சைகை, உண்மையில் அவள் கழுத்தில் விழும் கயிறு). ராத்திரி ‘சாப்பிட்டீங்களா’ என்று வாட்ஸ்அப் கிடையாது. இத்தனையும் இல்லாமல் ஒருவன் தன் பிரியத்தை எப்படிக் காட்டுவான்? அங்கிருந்துதான் உங்களுக்குக் காட்சிகள் கிடைக்கும்.

ஆறாம் படி: நெருக்கத்துக்கு ஒரு வரிசை

நாற்பது எபி என்று வைத்தால், முதல் பத்தில் வேலையைத் தவிர வேறு பேச்சு வேண்டாம். மரியாதை, பிறகு நம்பிக்கை, பிறகு கவனம், கடைசியில்தான் ஆசை. கை படுவது இருபத்தைந்துக்கு மேல் போகட்டும், அதுவும் தற்செயலாகத் தடுக்கி விழுந்து தாங்கிப் பிடிப்பது வேண்டாம். சேலத்தில் யாரும் அவ்வளவு விழுவதில்லை.

பேச்சைக் கவனியுங்கள். அவள் ‘சார்’ என்பாள், களத்துப் பெண்கள் ‘ஓனரு’ என்பார்கள், வயதான அம்மாக்கள் அவனையே ‘சாமி’, ‘கண்ணு’ என்பார்கள். அவன் அவளை ‘நீங்க’ என்றுதான் பேச வேண்டும், கடைசி எபிவரைகூட. ‘வா, போ’ என்று முதலாளி இறங்குவதை உரிமை என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. ‘சார்’ என்பதை அவள் விட்டுவிட்டு, பதிலுக்கு என்ன கூப்பிடுவது என்று தெரியாமல் ‘வந்துங்க...’ என்று இழுக்கும் இடம் அதைவிட நெருக்கம்.

மழைக் காட்சியை எடுத்துக்கொள்வோம். சுமாராக இப்படி வரலாம்:

மூன்றரை மணி இருக்கும். சேர்வராயன் மலைப் பக்கமிருந்து காற்று திரும்பியது. களத்துக் கோடியிலிருந்து ராசாத்தி அக்கா, “மழ வருதுடி!” என்று கத்தியதும் கோமதி பேனாவைப் போட்டுவிட்டு ஓடினாள். களத்து விளிம்பில் செருப்பைக் கழற்ற மறக்கவில்லை. எதிர்க் கோடியில் சரவணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளுகட்டையை எடுத்தான். இருவரும் ஆளுக்கொரு பக்கமிருந்து தள்ளிக்கொண்டே வர, நடுவில் சரக்கு வெள்ளையாகக் குவிந்தது. தார்ப்பாயின் ஒரு முனையை அவன் நீட்டினான். அவள் பிடித்தாள்.

“அந்தப் பக்கம் கல்லு வைங்க.”

“வச்சாச்சுங்க சார்.”

“நனஞ்சுருச்சா?”

சரக்கைக் கேட்கிறானா, தன்னைக் கேட்கிறானா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. “ரெண்டு மூட்ட போயிருக்கும் சார்” என்றாள்.

இதில் கண்ணோடு கண் நோக்கவில்லை, ஈரப் புடவை இல்லை. இருவருக்கும் நடுவில் ஒரு தார்ப்பாய், அவ்வளவுதான். அடுத்த நாள் டீக்கடைப் பையனிடம் அவன் வழக்கமான ஒரு டீக்குப் பதில், ‘உள்ளே எல்லாருக்கும்’ என்று சொல்வதோடு அந்த எபியை நிறுத்துங்கள். ஒருத்திக்கு மட்டும் டீ வாங்கித்தர முடியாதவன், அவளுக்காக ஆலைக்கே வாங்குகிறான்.

ஏழாம் படி: ஏற்காட்டுக்கு ஒரே ஒரு முறை

மலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதாமல் இருக்க முடியாது, ஆனால் ஒருமுறைக்கு மேல் போகாதீர்கள். மே மாதக் கோடை விழா கூட்டத்தையும் படகுத்துறையையும் தவிருங்கள். மார்ச், ஏப்ரலில் பூ மழை பெய்து ஒன்பது பத்து நாளில் காப்பிச் செடிகள் வெள்ளையாகப் பூத்து நிற்கும். மல்லிகை போன்ற அந்த வாசம் இரண்டு மூன்று நாள்தான். அரவை நின்றிருக்கும் அந்த நாட்களில் இருவரையும் தனித்தனியாக மேலே அனுப்புங்கள்.

அவள் ஒரு எஸ்டேட் அலுவலகத்துக்கு இன்டர்வியூவுக்குப் போகிறாள். வீட்டைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. அவன், சொந்தக்காரர்கள் நச்சரித்ததால், குழந்தையை விடுதிப் பள்ளியில் சேர்க்கலாமா என்று பார்க்கப் போகிறான்; அதையும் யாருக்கும் சொல்லவில்லை. ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்னும் இடத்தில் டீ குடிக்கும்போது எதிர்ப்படுகிறார்கள். இருவரும் ‘சும்மா வந்தேன்’ என்கிறார்கள். அவள் கையில் சர்டிபிகேட் ஃபைல், அவன் சட்டைப்பையில் பள்ளியின் விண்ணப்பம் எட்டிப் பார்க்கிறது. இருவரும் பிரியப்போகிறார்கள் என்று இருவருக்குமே புரிகிறது. அவன் காரில் வரச் சொல்லிக் கேட்கலாம், அவள் மறுக்கட்டும். அவன் குப்பனூர் வழியாக இறங்கி நேராக அயோத்தியாபட்டணம் போய்விடுவான். அவள் பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவையும் எண்ணிக்கொண்டு சேலம் இறங்கட்டும். அந்தப் பயணத்துக்கு ஒரு முழு எபி கொடுக்கலாம்.

எட்டாம் படி: ஊர் வாய்

களத்துப் பெண்களை வம்பு பேசுகிறவர்களாக மட்டும் ஆக்காதீர்கள். முதலில் கண்டுபிடிப்பவர்கள் அவர்கள்தான், முதலில் அவளை எச்சரிப்பவர்களும் அவர்கள்தான். “நாளைக்கு ஒண்ணுன்னா ஓனரு ஓனராத்தான் இருப்பாரு, நீதான் ரோட்டுல நிப்ப” என்று ராசாத்தி அக்கா சொல்லட்டும். அது பொறாமை கிடையாது, அனுபவம்.

ஆடியில் கோட்டை மாரியம்மன் கோவிலில் பூச்சாட்டியதும் சேலமே களைகட்டும். குகை என்னும் பகுதியில் வண்டி வேடிக்கை. சாமி வேஷம் கட்டியவர்கள் அலங்கார வண்டிகளில் வருவார்கள். அந்தக் கூட்டத்தில் குழந்தையை நடுவில் வைத்து மூன்று பேரும் ஒன்றாக நிற்பதை ஊர் பார்க்கட்டும். இந்தக் காட்சி அடுத்த படிக்குப் பிறகுதான் வர வேண்டும், முன்னால் வந்தால் வதந்தி ஆகிவிடும்.

ஒன்பதாம் படி: சொல்லும் இடம்

எஸ்டேட் வேலை அவளுக்குக் கிடைத்துவிடுகிறது. ராஜினாமாக் கடிதம் கொடுக்கிறாள். புது அரவைக்கு ஆள் இல்லை, வங்கி ஆடிட் வேறு இருக்கிறது. அவன் நினைத்தால் இழுத்தடிக்கலாம். ஆனால் அன்றைக்கே அனுபவச் சான்றிதழில் கையெழுத்துப் போடுகிறான், பி.எஃப். கணக்கைப் புது வேலைக்கு மாற்ற வேண்டியதைச் செய்யச் சொல்கிறான், பாக்கிச் சம்பளத்தை நாள் கணக்குப் பார்த்துப் பைசா சுத்தமாகப் போடுகிறான். அதிகமாக ஒரு ரூபாய்கூட இல்லை. காதலின் பெரிய காட்சி இதுதான், இதற்கு இடம் தாராளமாகக் கொடுங்கள்.

சொல்வது அதற்குப் பிறகு. முடிந்தால் அவளே சொல்லட்டும். அவன் சொல்வதாக இருந்தால், அவள் முதல் மாதச் சம்பளத்தை வேறு இடத்தில் வாங்கிய பிறகு சொல்லட்டும். பதில் சொல்ல அவள் ஒரு வாரம் எடுத்துக்கொள்ளட்டும், அந்த வாரம் அவன் போன் செய்யக் கூடாது. கல்யாணத்துக்குப் பிறகு அவள் ஆலைக் கணக்குக்கே திரும்புகிறாள் என்று முடிப்பதானால், பங்குதாரராகத் திரும்பட்டும். கூட்டு ஒப்பந்தத்தில் அவள் பெயர் எத்தனை சதவீதம் என்பது வரை எழுதுங்கள்.

பத்தாம் படி: வெளியிடுமுன்

பதினைந்து எபியாவது கையில் இருக்கும்போதுதான் முதல் யூடி (அப்டேட்) கொடுங்கள். இந்த வகையில் வாசகர் ‘எப்போ சேருவாங்க’ என்று நச்சரிப்பார்கள். கையிருப்பு இல்லாவிட்டால் அவசரத்தில் பத்தாவது எபியிலேயே கையைப் பிடித்துவிடுவீர்கள். பிறகு மொத்தக் கோப்பிலும் ‘இதழ்’, ‘கிறக்கம்’, ‘உரிமையாக’ என்று தேடிப் பாருங்கள். ‘உரிமையாக’ வந்த இடமெல்லாம் அவன் ஏதோ தப்புச் செய்திருப்பான், அதைத் திருத்துங்கள். உரையாடலை வாய்விட்டுப் படியுங்கள்; கோயம்புத்தூர் ‘ஏனுங்’ நுழைந்திருந்தால் எடுத்துவிடுங்கள். வாழப்பாடி, ஆத்தூர் பக்கம் தெரிந்தவர் மூலமாக ஒரு ஆலையை அரவை நடக்கும்போது போய்ப் பாருங்கள். தொட்டியில் புளிக்கும் மாவின் வாடையை எந்த வீடியோவும் காட்டாது, அது இல்லாமல் முதல் எபியை எழுதாதீர்கள்.